தலமரமும் மாடித்தோட்டமும்: வார இறுதியில் கோயில் பயணம் போகும் தம்பதிகள் கேட்கும் கேள்விகள்

சனி ஞாயிறு வந்தால் இரண்டு பேரும் எங்காவது கிளம்ப வேண்டும் என்று இருக்கும். மாடியில் தொட்டிச் செடிகள் தண்ணீருக்குக் காத்திருக்கும். சாமி படத்துக்குப் பூ வேண்டும். வீட்டில் பெரியவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள். இவை ஒன்றுக்கொன்று இடைஞ்சலாகாமல் இருக்க எங்களுக்குக் கைகொடுத்த வழி, ஒவ்வொரு பயணத்தையும் ஒரு கோயிலின் தலமரத்தை, அதாவது அந்தத் தலத்துக்கே உரிய புனித மரத்தை, மையமாக வைத்துத் திட்டமிடுவதுதான். இதைப் பற்றிச் சொந்தக்காரர்களும் தோட்ட நண்பர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளும் பதில்களும் இங்கே.

கோயிலுக்குப் போவது சாமி பார்க்கத்தானே? மரத்தை ஏன் மையமாக வைக்க வேண்டும்?

தமிழ்நாட்டுப் பழைய சிவாலயங்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு மரம் உண்டு. காஞ்சி ஏகாம்பரநாதருக்கு மா, மதுரைக்குக் கடம்பு, திருவானைக்காவுக்கு வெண்ணாவல், திருவண்ணாமலைக்கு மகிழம், நெல்லையப்பருக்கு மூங்கில், குற்றாலநாதருக்குக் குறும்பலா, திருப்பாதிரிப்புலியூருக்குப் பாதிரி. தில்லை, ஆலங்காடு, வேற்காடு என்று ஊரின் பெயரே மரத்திலிருந்து வந்திருப்பதையும் பார்க்கலாம். தலபுராணம் என்று எதை எடுத்தாலும், அம்பாள் தவம் இருந்தது, அடியார் சத்தியம் செய்தது, முனிவர் உபதேசம் கேட்டது எல்லாம் ஏதோ ஒரு மரத்தடியில்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. கருவறை முன்னால் கூட்ட நாளில் ஒரு நிமிடம் நிற்க முடிந்தால் பெரிது. மரத்தடியில் யாரும் நகரச் சொல்வதில்லை. கணவனும் மனைவியும் வாரம் முழுக்கப் பேச நேரம் கிடைக்காமல் ஓடுகிறவர்கள். பிராகாரத்து நிழலில் அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்தாலே அந்தப் பயணம் பலித்துவிட்டது என்பேன்.

ஒரு வார இறுதியில் எத்தனை கோயில் பார்க்கலாம்?

ஒன்று. பக்கத்திலேயே இருந்தால் இரண்டு.

இரண்டு நாளில் நவக்கிரகத் தலங்கள் ஒன்பது, நவதிருப்பதி ஒன்பது என்று வேன் வைத்துச் சுற்றுவது வேறு வகைப் பயணம். வேண்டுதல் இருந்தால் அதையும் செய்யத்தான் வேண்டும். ஆனால் அதில் கண்ணில் நிற்பது வேனின் ஜன்னலும் செருப்பு விடும் இடமும்தான்.

நடை நேரத்தைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான கோயில்களில் பகல் 12 அல்லது 12.30-க்கு நடை சாத்தினால் மாலை 4 மணிக்குத்தான் திறப்பார்கள். அதனால் காலை 6 மணிக்கு உள்ளே இருப்பதுபோலக் கிளம்ப வேண்டும். வெயில் ஏறிவிட்டால் பிராகாரத்துக் கல்லில் கால் வைக்க முடியாது.

சென்னையில் இருக்கிறோம். முதல் பயணம் எங்கே?

வெளியூரே வேண்டாம் என்றால் அரை நாளில் மயிலாப்பூரையும் திருவான்மியூரையும் பார்த்துவிடலாம். கபாலீசுவரர் கோயிலில் புன்னை. அம்பாள் மயில் வடிவில் பூஜித்தது அதன் அடியில்தான் என்பது தலவரலாறு. மருந்தீசுவரர் கோயிலில் வன்னி. அகத்தியருக்குச் சிவபெருமான் மருத்துவம் உபதேசித்தது அந்த மரத்தடியில் என்கிறார்கள்.

ஒரு நாள் முழுக்கக் கிடைத்தால் காஞ்சிபுரம், ஏகாம்பரநாதர் கோயில். சென்னையிலிருந்து ஏறக்குறைய 75 கிலோமீட்டர். பஞ்சபூதத் தலங்களில் இது மண். அம்பாள் மாமரத்தடியில் மணலால் லிங்கம் பிடித்து வழிபடும்போது ஆற்றில் வெள்ளம் வருகிறது. கரைந்துவிடக் கூடாதே என்று லிங்கத்தை இரு கையாலும் தழுவிக்கொள்கிறாள். மணல் லிங்கம் என்பதால் இன்றும் லிங்கத் திருமேனிக்கு நீர் அபிஷேகம் கிடையாது, பீடமான ஆவுடையாருக்குத்தான். மாமரத்தின் நான்கு கிளைகளும் நான்கு வேதங்கள், நான்கிலும் பழம் நான்கு சுவையில் இருக்கும் என்று சொல்வார்கள். மரத்துக்கு 3,500 வயது என்பது கோயில் மரபு. பங்குனி உத்திரத்தில் இங்கே திருக்கல்யாணம். புதிதாகக் கல்யாணமானவர்கள் யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இந்தக் கோயிலைத்தான். வெள்ளம் வரும்போது கைவிடாமல் பிடித்துக்கொண்டவளின் தலம் அது.

என் மனைவிக்குப் பக்தி அதிகம். எனக்கு அவ்வளவு ஈடுபாடு இல்லை. சேர்ந்து போனால் ஒருவருக்கு அலுப்பாகிறது. என்ன செய்வது?

சிதம்பரம் போங்கள். அதிகாலையில் நடராஜர் தரிசனம், காலையிலேயே 15 கிலோமீட்டர் தள்ளி பிச்சாவரத்தில் படகு. தில்லை என்ற பெயருக்குக் காரணமான தில்லை மரம் ஒரு சதுப்புநிலத் தாவரம். ஒரு காலத்தில் சிதம்பரத்தைச் சுற்றித் தில்லைவனமாக இருந்தது. இன்று அந்த மரத்தைக் காட்டில் பார்க்க வேண்டுமானால் பிச்சாவரத்தின் அலையாத்திக் காட்டுக்குத்தான் வர வேண்டும். இலையைக் கிள்ளினால் வெள்ளைப் பால் வரும். அந்தப் பால் கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கும், தோலில் பட்டால் கொப்புளம். அதனால் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பிள்ளைகள் படகிலிருந்து கை நீட்டிக் கிளையைப் பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

படகில் போகும்போது நீரிலிருந்து தாங்குவேர் ஊன்றி நிற்கும் சுரபுன்னையையும், சேற்றிலிருந்து ஆணி ஆணியாக நிமிர்ந்து நிற்கும் மூச்சுவேர்களையும் பார்க்கலாம். காலையில் அவர் கூடவே நீங்கள் நின்றீர்கள், பகலில் உங்கள் கூடவே அவர் வந்தார் என்றால் இருவருக்கும் மனசு நிறையும். நம்பிக்கை இல்லாதவரைக் கட்டாயப்படுத்திக் கைகூப்ப வைப்பதில் எந்தப் புண்ணியமும் இல்லை. நம்பிக்கை உள்ளவரை வாசலில் கடிகாரத்தைக் காட்டி அவசரப்படுத்துவதும் அதே அளவு வருத்தம் தரும் காரியம்.

கணவன் மனைவியாகப் பார்த்தே ஆக வேண்டிய மரம் ஒன்று சொல்லுங்களேன்.

திருவொற்றியூர் மகிழமரம். சுந்தரர் சங்கிலியாரைக் கல்யாணம் செய்துகொள்ளும்போது, உன்னைப் பிரியமாட்டேன் என்று சந்நிதியில் சத்தியம் செய்து தர வேண்டியிருந்தது. ஊர் ஊராகப் பாடிப் போகிறவருக்கு அது முடியாத காரியம் என்பது அவருக்கே தெரியும். அதனால் சத்தியம் செய்யும் நேரத்தில் நீங்கள் கருவறையை விட்டு மகிழமரத்தடிக்குப் போய்விடுங்கள் என்று சிவபெருமானிடம் ஏற்பாடு செய்துகொள்கிறார். பெருமானோ சங்கிலியாரிடம் போய், சந்நிதியில் வேண்டாம், மகிழமரத்தடியில் சத்தியம் கேள் என்று சொல்லிவிடுகிறார். தோழனுக்கு ஒரு வாக்கு, அந்தப் பெண்ணுக்கு ஒரு வழி. சுந்தரர் மரத்தடியில் சத்தியம் செய்தார், பிறகு ஊரை விட்டுக் கிளம்பினார், கண் பார்வை போனது.

மாசித் திருவிழாவில் மகிழடி சேவை என்று இதை இன்றும் கொண்டாடுகிறார்கள். வீட்டில் சொல்ல முடியாத சில பேச்சுகளுக்கு அந்த மரத்தடி நல்ல இடம்.

மகிழம்பூவைக் கையில் எடுத்துப் பாருங்கள். சட்டைப் பொத்தான் அளவில், நட்சத்திரம்போல விரிந்து, நடுவில் துளையோடு இருக்கும். ஊசி வேண்டாம், ஒரு நாரோ ஈர்க்கோ இருந்தால் பிள்ளைகளே கோத்துவிடுவார்கள். காய்ந்து பழுப்பு நிறமான பிறகும் வாசம் போகாது. கீழே உதிர்ந்ததை மட்டும் எடுத்தால் போதும்.

வெள்ளிக்கிழமை இரவு ரயில் ஏறி ஞாயிறு இரவு திரும்ப முடிகிற தலங்கள்?

நிறைய உண்டு. மூன்றை மட்டும் சொல்கிறேன்.

திருச்சி: காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் உள்ள தீவில் ஸ்ரீரங்கமும் திருவானைக்காவலும் பக்கத்துப் பக்கத்தில். திருவானைக்காவில் உச்சிக்கால பூஜையைத் தவறவிடாதீர்கள். அம்பாளே வந்து ஈசனைப் பூஜிப்பதாக ஐதீகம் என்பதால் அர்ச்சகர் புடவை சாத்திக்கொண்டு, அகிலாண்டேசுவரி சந்நிதியிலிருந்து மேளதாளத்தோடு வந்து பூஜை செய்வார். ஸ்ரீரங்கம், நந்தவனம் வைத்து மாலை கட்டியே வாழ்ந்த தொண்டரடிப்பொடி ஆழ்வாரின் ஊர். தோட்டக்காரர்கள் அங்கே போகும்போது அவர் சந்நிதியையும் கேட்டுப் போய்ப் பாருங்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூர்: எனக்கு மிகப் பிடித்த ஊர். மதுரையிலிருந்து ஏறக்குறைய 75 கிலோமீட்டர். பெரியாழ்வார் துளசிச் செடியடியில் ஆண்டாளைக் கண்டெடுத்த நந்தவனம் கோயிலை ஒட்டியே இருக்கிறது. அவள் சூடிக் களைந்த மாலை இன்றும் பயணம் போகிறது: புரட்டாசி பிரம்மோற்சவத்தின் கருடசேவைக்குத் திருப்பதிக்கு, சித்திரையில் ஆற்றில் இறங்கும் அழகருக்கு மதுரைக்கு. ஒரு வீட்டுத் தோட்டத்தில் தொட்டுத் தொடங்கிய உறவு அது. மாடியில் துளசி வளர்ப்பவர்களுக்கு அந்தத் தோட்டத்தில் நிற்கும்போது வரும் உணர்வை நான் விளக்க வேண்டியதில்லை. ஆடிப்பூரத் தேர் அன்று கூட்டம் அதிகம். நிதானமாகப் பார்க்க நினைத்தால் வேறு மாதம் போங்கள்.

ஆழ்வார்திருநகரி, திருச்செந்தூர்: திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் பாதையில் ஆழ்வார்திருநகரி. நம்மாழ்வார் பதினாறு வருஷம் யோகத்தில் இருந்த புளியமரம், உறங்காப்புளி. சாதாரணப் புளியமரம் பொழுது சாய்ந்தால் இலைகளை மூடிக்கொள்ளும். இந்த மரத்தின் இலை மூடாது என்பது நம்பிக்கை. ஊர் திரும்பியதும் தெருவில் ஒரு புளியமரத்தை மாலை ஐந்து மணிக்கும் ஏழு மணிக்கும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், அதிசயம் என்று ஏன் சொன்னார்கள் என்பது புரியும். திருச்செந்தூரில் பன்னீர் மரத்தின் இலையில் வைத்து விபூதி தருவார்கள். அதில் பன்னிரண்டு நரம்பு, முருகனின் பன்னிரண்டு கை என்பார்கள். இலை கைக்கு வந்ததும் எங்கள் வீட்டுச் சின்னது எண்ண ஆரம்பித்துவிடும்.

அப்பா அம்மாவையும் கூட்டிப் போக வேண்டுமா? நாங்கள் இரண்டு பேர் மட்டும் போனால் மனசு உறுத்துகிறது.

உறுத்த வேண்டாம். வருஷத்தில் சில பயணம் எல்லோரும் சேர்ந்து, சில பயணம் இருவர் மட்டும் என்று முன்கூட்டியே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். அதைச் சொல்லாமல் கிளம்பும்போதுதான் முகம் வாடுகிறது. பெரியவர்களுக்கு வேண்டியது நாம் கேட்டோம் என்பது. "அத்தை, அடுத்த மாசம் உங்களுக்கு எந்தக் கோயிலுக்குப் போகணும்?" என்று மருமகள் கேட்டால், இந்த மாதம் இருவர் மட்டும் போவதை அத்தையே பை எடுத்து வைத்து அனுப்புவார்.

அவர்களோடு போகும்போது படிகள் குறைந்த கோயிலாகப் பாருங்கள். பெரிய கோயில்கள் பலவற்றில் சக்கர நாற்காலி கிடைக்கும், நுழைவாயிலில் கேளுங்கள். வெறுங்கால் நடை சிரமம் என்றால் காலை எட்டு மணிக்குள் முடித்துவிட வேண்டும். சர்க்கரை உள்ளவர்களுக்குக் காலில் சூடு பட்டதே தெரியாமல் போகும். அறைக்கு வந்ததும் பாதத்தைப் பார்த்துவிடுங்கள்.

அப்பாவுக்கு அறுபதோ எண்பதோ நிறைகிறது என்றால் திருக்கடவூர். மார்க்கண்டேயனுக்காகக் காலனை உதைத்த தலம் என்பதால் சஷ்டியப்தபூர்த்தியும் சதாபிஷேகமும் அங்கே நடக்காத நாள் அபூர்வம். முகூர்த்த நாட்களில் ஒரே நேரத்தில் பல குடும்பங்கள் இருப்பார்கள், தேதியை முன்கூட்டியே உறுதி செய்துகொள்ள வேண்டும். தலமரமாகச் சொல்லப்படும் பிஞ்சிலம் ஒரு முல்லை வகை. அந்தப் பூ சுவாமிக்கு மட்டும்தான், மனிதர் சூடுவதில்லை.

நாங்கள் இருவரும் வேறு வேறு மதம். எங்களுக்கு இது பொருந்துமா?

பொருந்தும். நாகப்பட்டினம் பக்கம் ஒருமுறை போய்ப் பாருங்கள். வேளாங்கண்ணியில், பால் கொண்டுபோன சிறுவனுக்கு மாதா காட்சி கொடுத்தது குளக்கரை ஆலமரத்தடியில் என்பது மரபு. மாதா குளம் என்று அந்த இடத்தை இன்றும் வணங்குகிறார்கள். நாகப்பட்டினத்தின் மறுபக்கம் நாகூர் தர்கா, எல்லா மதத்தவரும் வந்து நேர்ந்துகொள்ளும் இடம். ஒருவர் கும்பிடும் இடத்தில் மற்றவர் மரியாதையோடு பக்கத்தில் நிற்கத் தெரிந்தால் போதும். பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பாடம் வேறு இல்லை.

டிக்கெட் எல்லாம் எடுத்த பிறகு மாதவிலக்கு வந்துவிட்டால்?

அதை முடிவு செய்ய வேண்டியது அந்தப் பெண். உள்ளே போக வேண்டாம் என்று அவர் நினைத்தால் பயணத்தையே ரத்து செய்யத் தேவையில்லை. ஆற்றங்கரை, கடற்கரை, பிச்சாவரம், சுற்றியுள்ள தெருக்கள் என்று பார்க்க எவ்வளவோ இருக்கிறது. அவர் வெளியே இருக்கும் நேரத்தில் கணவரும் கூடவே இருப்பதுதான் அழகு. வலி இருந்தால் அறையில் படுத்து ஓய்வெடுப்பதும் வார இறுதிதான்.

தலமரத்திலிருந்து ஒரு கிளையோ விதையோ எடுத்து வந்து வீட்டில் வைக்கலாமா?

கிளை ஒடிக்கவே கூடாது. வருகிற ஆயிரம் பேரும் ஆளுக்கொரு இலை கிள்ளினால் மரம் என்ன ஆகும்? மதுரையில் பட்டுப்போன பழைய கடம்பின் அடிமரத்தைத்தான் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். அதைப் பார்க்கும்போதாவது நமக்கு உறைக்க வேண்டும். அதே வகை மரக்கன்று வேண்டுமென்றால் வனத்துறை நாற்றங்கால்களிலும் தோட்டக்கலைத் துறைப் பண்ணைகளிலும் கேளுங்கள். புன்னை, மகிழம், வன்னி, வில்வம், கடம்பு எல்லாம் கிடைக்கக்கூடியவை. இவை தரைக்கான மரங்கள், கடம்பு எல்லாம் மாடிக்கு ஆகாது. சொந்தத் தரை இல்லாதவர்கள் பிறந்தநாள், கல்யாண நாளில் ஊர்க் குளக்கரையிலோ பள்ளியிலோ அனுமதி கேட்டு நடலாம். நட்டால் முதல் இரண்டு கோடையும் தண்ணீர் ஊற்ற ஆள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நடுங்கள்.

குழந்தை வரம் வேண்டி மரத்தில் தொட்டில் கட்டலாமா?

அந்த வேண்டுதலின் கனம் எனக்குத் தெரியும், அதைக் குறைத்துப் பேச மாட்டேன். கோயிலில் அதற்கென்று இடம் ஒதுக்கியிருந்தால் அங்கே கட்டுங்கள். நேரடியாகக் கிளையில் கட்டுவதானால் பருத்தி நூலோ துணியோ மட்டும், தளர்வாக. நைலான் கயிறும் கம்பியும் கிளை பருக்கப் பருக்கப் பட்டைக்குள் இறங்கி, உணவு போகிற வழியை அறுத்துவிடும். மரத்தின் அடியைச் சுற்றி மஞ்சள், குங்குமம், எண்ணெய் கொட்டுவதும் வேருக்கு நல்லதில்லை. வேண்டுதலோடு மருத்துவரையும் இருவருமாகப் போய்ப் பாருங்கள். பெண்ணை மட்டும் பரிசோதனைக்கு அனுப்புகிற வழக்கம் நிற்க வேண்டும்.

சாமிக்குப் பூ தர மாடியில் என்னென்ன வைக்கலாம்?

வருஷம் முழுக்கப் பூ வேண்டும் என்றால் நந்தியாவட்டை, செம்பருத்தி, சங்குப்பூ மூன்றும் போதும். பிறகு ஒரு மல்லி, ஒரு துளசி. இடம் இருந்தால் பவழமல்லி.

மண் கலவைக்குச் செம்மண், மக்கிய எரு, தேங்காய் நார்க்கழிவு மூன்றும் சம பங்கு. இதில் கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. தொட்டியின் அடியில் துளை அடைபடாமல் ஓட்டுச் சில்லு வைக்க வேண்டும்.

நந்தியாவட்டையில் ஒரு நாள் பாதி இலையைக் காணவில்லை என்றால் தண்டை ஒட்டிப் பாருங்கள். விரல் பருமனில் பச்சைப் புழு இருக்கும், தலைப் பக்கம் நீலக் கண்போல இரண்டு புள்ளி. எடுத்து வேறு இடத்தில் விட்டால் போதும், மருந்து வேண்டாம். செம்பருத்தியில் மாவுப்பூச்சி வந்தால் முதலில் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து, மாலையில் இலைக்கு அடியில் படும்படி தெளியுங்கள். எறும்பு ஏறுகிறதா என்றும் பாருங்கள். மாவுப்பூச்சியைக் காவல் காப்பதே எறும்புதான்.

பவழமல்லி பொழுது சாய்ந்து மலர்ந்து விடியும்போது உதிரும். கீழே விழுந்த பூ பூஜைக்கு ஆகாது என்ற விதிக்கு இது மட்டும் விலக்கு. முந்தைய இரவே அடியில் ஒரு சுத்தமான துணி விரித்து வைத்தால் காலையில் அள்ளிக்கொள்ளலாம்.

மல்லி நிறைய இலை விடுகிறது, பூக்கவில்லை.

வெயில் போதவில்லை, அல்லது கவாத்து செய்யவில்லை. குண்டுமல்லியை நவம்பர் கடைசி வாரத்தில் கவாத்து செய்வார்கள், தரையில் உள்ள செடி என்றால் 50 செ.மீ. உயரத்துக்கு. தொட்டியில் உள்ளதைப் பாதியாக வெட்டினால் போதும். வெட்டியதும் மண்ணைக் கிளறி எரு போடுங்கள், சில நாள் தண்ணீரைக் குறையுங்கள். மாசி, பங்குனியில் மொட்டு வரும்.

வில்வம் வீட்டில் வைக்கலாமா? கூடாது என்கிறார்களே?

தாராளமாக வைக்கலாம். பெரிய மரம் என்பதும் முள் உண்டு என்பதும்தான் யோசிக்க வேண்டியவை. பெரிய தொட்டியில் நுனி கிள்ளிக் குட்டையாக வளர்க்க முடியும். எலுமிச்சைக் குடும்பம் என்பதால் எலுமிச்சையைத் தின்னும் அதே புழு இதற்கும் வரும். சின்னதாக இருக்கையில் பறவை எச்சம்போல இலைமேல் ஒட்டிக்கொண்டிருக்கும், வளர்ந்தால் பச்சையாகிவிடும். அது பட்டாம்பூச்சியாகப் போவது என்று தெரிந்தால் பிள்ளைகள் அதைத் தொடவே விடமாட்டார்கள். செடி ஓரளவு பெரிது என்றால் ஒன்றிரண்டை விட்டுவையுங்கள்.

திங்கட்கிழமை, சதுர்த்தி, அஷ்டமி, நவமி, அமாவாசை, மாதப்பிறப்பு ஆகிய நாட்களில் வில்வம் பறிப்பதில்லை என்பது வழக்கம். முந்தைய நாளே பறித்து வைத்துக்கொள்ளலாம். சாத்திய வில்வத்தையே கழுவி மறுபடி சாத்தலாம் என்பதும் உண்டு. துளசியைத் துவாதசியில் பறிப்பதில்லை. செடிக்கும் ஓய்வு கிடைக்கிறது என்று நினைத்துக்கொண்டால் இந்த நாட்கணக்கு சுமையாகத் தெரியாது.

அரளி வைக்கலாமா?

சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் வேண்டாம். பூ, இலை, தண்டு, வேர் எல்லாமே நஞ்சு, இதயத்தைத் தாக்கும். மஞ்சள் அரளியின் விதை இன்னும் மோசம். 2024-இல் கேரளத்தின் திருவிதாங்கூர் தேவசம் போர்டு நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப் பூவைத் தவிர்க்க முடிவு செய்தது. படத்துக்கு மாலையாகச் சாத்தினாலும் பிரசாதத் தட்டில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தொட்ட கையைக் கழுவுங்கள்.

இரண்டு நாள் ஊரில் இல்லாவிட்டால் செடிக்கு யார் தண்ணீர் ஊற்றுவது?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். இரண்டு நாளுக்குச் செடி சாகாது, வாடாமல் வைக்கவும் முடியும். கிளம்பும் அன்று அடித்துளையில் நீர் வரும்வரை ஊற்றுங்கள். எல்லாத் தொட்டிகளையும் சுவரின் நிழல் பக்கம் நெருக்கி வையுங்கள், பெரியவை வெளிப்பக்கம், சிறியவை நடுவில். மண்மேல் காய்ந்த இலையோ தேங்காய் மட்டை நாரோ இரண்டு விரல் கனத்துக்கு மூடாக்காகப் போடுங்கள். கோடையில் இதிலேயே நிறையத் தண்ணீர் மிச்சமாகும்.

சித்திரை, வைகாசி வெயிலில் இது போதாது. அப்போது திரி வைக்கலாம். பருத்திப் புடவைக் கிழிசலைக் கயிறாக முறுக்கி நனைத்து, ஒரு முனையை வாளித் தண்ணீரிலும் மறுமுனையைத் தொட்டி மண்ணில் நான்கு விரல் ஆழத்திலும் புதையுங்கள். வாளி தொட்டியைவிட உயரத்தில் இருக்க வேண்டும். வாளிக்கு மூடி அவசியம், இல்லாவிட்டால் டெங்கு கொசுவுக்கு நாமே இடம் கொடுத்ததாகும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே ஒரு தொட்டியில் வைத்துச் சோதித்துவிடுங்கள். துணியின் கனத்தைப் பொறுத்து நீர் இறங்கும் வேகம் மாறும்.

இவற்றையெல்லாம்விட நல்ல ஏற்பாடு பக்கத்து வீடு. அவர்கள் ஊருக்குப் போகும்போது நாம் ஊற்றுவது, நாம் போகும்போது அவர்கள். அந்த இரண்டு நாள் பூவை அவர்கள் பறித்துக்கொள்ளட்டும் என்று நாமே சொல்லிவிட வேண்டும். பூச்செடியில் பூவைப் பறிக்காமல் விட்டால் அடுத்த மொட்டும் குறையும்.

விதைப்பும் பயணமும் மோதாமல் வருஷத்தை எப்படிப் பிரிப்பது?

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது மாடிக்கும் பொருந்தும். ஆடியில் விதைத்தால் முளை நிற்கும்வரை இரண்டு மூன்று வாரம் வெளியூர் வேண்டாம்; உள்ளூர்க் கோயிலோடு நிறுத்திக்கொள்ளலாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் டெல்டா பக்கம் போவதைத் தவிர்த்துவிட்டுப் புதிய கன்றுகளை நடுங்கள். மார்கழி, தை, மாசி மூன்றும் பயணத்துக்கென்றே அமைந்தவை. வெயில் குறைவு, செடியும் அதிகம் தண்ணீர் கேட்காது, மாமரத்தில் பூ வரும் காலம். சித்திரையில் தொலைதூரம் வேண்டாம்; வழியெங்கும் சரக்கொன்றை மஞ்சளாகப் பூத்திருக்கும் அந்த மாதத்தில் பக்கத்து ஊருக்கு விடியற்காலையில் கிளம்பி, பத்து மணிக்குள் வீட்டுக்கு வந்துவிடுங்கள்.